ஊர் திரும்பிய இதய மருத்துவர்

பைபாஸ் என்ற சொல்லை விளக்க இன்று யாரும் மெனக்கெடுவதில்லை. யாழ்ப்பாணமோ டொராண்டோவோ மதுரையோ, ஒரு குடும்பத்தில் ஒருவருக்காவது நெஞ்சின் நடுவே அந்த நீளத் தழும்பு இருக்கிறது. சித்தப்பாவுக்கு மூணு, மாமாவுக்கு நாலு என்று அடைப்புக் கணக்கைக் கல்யாணப் பந்தியில் பேசிக்கொள்கிற அளவுக்கு அது நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. ஆனால் அந்த அறுவையை உலகம் முழுக்கச் செய்யத்தக்க ஒரு முறையாக மாற்றியவர் யார் என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. அவர் பெயர் ரெனே ஃபவாலோரோ. அர்ஜென்டினாக்காரர். 2000-ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று, 77 வயதில், தான் கட்டிய மருத்துவமனை கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நேரத்தில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர்.

நான் மருத்துவன் இல்லை. மென்பொருள் வேலை. குடியிருப்பது யாங்கூனில் லத்தா. ரங்கூன் என்றால்தான் நம்ம ஊர்ப் பெரியவர்களுக்குப் பிடிபடும். இந்தப் பகுதியின் வடக்கு ஓரத்தில்தான் செங்கல் நிறத்தில் யாங்கூன் பொது மருத்துவமனை நிற்கிறது, வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். மற்றபடி சீனக் கடைகளும் நெருக்கியடித்த மாடிக் குடியிருப்புகளும். பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. மேல்மாடிக்காரர்கள் பால்கனியிலிருந்து கயிறு விட்டுப் பேப்பரையும் காய்கறியையும் மேலே இழுத்துக்கொள்வார்கள். எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருக்கும் தமிழ்ப் பெரியவர் ஒருவர், மூன்றாம் மாடி வந்ததும் படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்க ஆரம்பித்தார். ஆறு மாதம் கழித்து விஷயம் தெரிந்தது: இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்களில் அடைப்பு, கூடவே அயோர்ட்டிக் வால்வு சுண்ணாம்பு ஏறி இறுகிப்போயிருக்கிறது. பைபாஸும் பண்ணணும், வால்வும் மாத்தணும், ரெண்டையும் ஒரே தடவையில் செய்வதுதான் நல்லது என்று சென்னையில் சொல்லி அனுப்பினார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பிழைப்பாரா என்று அந்தக் குடும்பம் என்னிடம் கேட்டது. கம்ப்யூட்டர் தெரிந்த பையனுக்கு எல்லாம் தெரியும் என்பது இங்கே உள்ள நம்பிக்கை. தேடிப் படிக்கப் போன இடத்தில்தான் ஃபவாலோரோ எனக்குக் கிடைத்தார். அந்த இரண்டையும் சேர்த்துச் செய்த முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

அவருடையது புலம்பெயர்ந்தவர்களின் குடும்பம். தாத்தா பாட்டி இத்தாலியின் சிசிலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். 1923 ஜூலை 12-ல் லா பிளாத்தா நகரத்தில் பிறந்தார். அப்பா மரவேலை செய்பவர், அம்மா தையல்காரி. அப்பாவின் பட்டறையில் விடுமுறை நாட்களில் வேலை செய்து பழகிய கை அது. பின்னாளில் ஒரு மில்லிமீட்டர் கனக் குழாயில் தையல் போட்ட கையும் அதுதான். பாட்டி செசாரியாவிடம் செடிகொடி, மண், தோட்டம் என்று வளர்ந்தார். மருத்துவப் பட்டத்துக்கான ஆய்வேட்டை அந்தப் பாட்டிக்குத்தான் காணிக்கையாக்கினார். கால்பந்தில் தன் ஊரின் ஹிம்னாசியா அணி மீது கடைசி வரைக்கும் பைத்தியம்.

1940-களின் கடைசியில் மருத்துவராகி வெளியே வந்தபோது பெரிய மருத்துவமனையில் நிரந்தர வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அது பெரோன் ஆட்சிக்காலம். ஆளுங்கட்சியின் கொள்கையை ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டால்தான் அந்த வேலை. அவர் போடவில்லை. அந்த நேரத்தில் லா பம்பா மாகாணத்தில் ஹசிந்தோ அரவுஸ் என்ற சிற்றூரிலிருந்து உறவினர் ஒருவரின் கடிதம் வந்தது. அந்த ஊருக்கு இருந்த ஒரே மருத்துவருக்கு உடம்பு முடியவில்லை, இரண்டு மூன்று மாதம் வந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்று. 1950 மே மாதம் போனார். திரும்பி வரப் பன்னிரண்டு வருஷம் ஆனது.

ஃபவாலோரோவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பன்னிரண்டு வருஷத்தை ஒரு பத்தியில் முடித்துவிட்டு அமெரிக்காவுக்குத் தாவிவிடுவார்கள். எனக்கென்னவோ அவர் வாழ்க்கையின் கனமான பகுதியே இதுதான். வறண்ட சமவெளி, காற்றடித்தால் மண் புயல், சில ஆயிரம் பேர், எல்லாரும் விவசாயமும் ஆடுமாடும். பிரசவத்தில் தாய் சாவதும், வயிற்றுப்போக்கில் பிள்ளை சாவதும் சாதாரணம். மருத்துவரான தம்பி ஹுவான் ஹோசேயும் வந்து சேர்ந்தார். ஒரு பழைய வீட்டை எடுத்து மருத்துவமனையாக மாற்றினார்கள். அறுவை அறை, எக்ஸ்ரே, ஆய்வகம் என்று ஒவ்வொன்றாக வந்தது. ரத்த வங்கிக்குக் குளிர்பெட்டி வசதி இல்லை. அதனால் ஊரில் யாருக்கு என்ன ரத்த வகை என்று பட்டியல் எடுத்து வைத்தார்கள்; தேவைப்படும்போது ஆள் போய்க் கூட்டிவந்தால் நேரடியாகக் கொடுக்கலாம். நடமாடும் ரத்த வங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச்சிகளைக் கூப்பிட்டுக் கை சுத்தத்திலிருந்து சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியர்கள் வழியாகத் தண்ணீரைப் பற்றியும் குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய சாப்பாட்டைப் பற்றியும் பேச வைத்தார்கள். குழந்தை இறப்பு குறைந்தது. பிரசவக் காய்ச்சல் அநேகமாக இல்லாமல் போனது. இதில் எதற்கும் பெரிய தொழில்நுட்பம் தேவைப்படவில்லை.

1962-ல் தன் பேராசிரியர் மைனெட்டியின் ஆலோசனைப்படி அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்குக் கிளம்பினார். வயது 38, கிட்டத்தட்ட 39. இந்த வயதில் ஐ.டி.யில் நாங்களெல்லாம் வேலை போய்விடுமோ என்று பயப்பட ஆரம்பிக்கிறோம். அவரோ அரைகுறை ஆங்கிலத்தோடு, சம்பளம் இல்லாத பார்வையாளராக, முதலிலிருந்து ஆரம்பித்தார். வெளிநாட்டு மருத்துவர் என்பதால் அங்கே தகுதித் தேர்வு எழுதிப் பாஸ் பண்ண வேண்டியிருந்தது. இதைப் படிக்கிற உங்களில் பலருடைய அப்பாவோ அக்காவோ லண்டனிலும் சிட்னியிலும் அதே படியைக் கடந்திருப்பார்கள். நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவதும் சிறுநீர்க் குழாய் போடுவதும் இயந்திரத்தைக் கழுவுவதும்கூட அவர் செய்த வேலைகள்தான் என்று சொல்வார்கள்.

அங்கே மேசன் சோன்ஸ் என்ற இதய மருத்துவர் இருந்தார். 1958-ல் ஒரு நோயாளியின் அயோர்ட்டாவுக்குள் சாயம் செலுத்தும்போது குழாய் நழுவி இதயத்தின் சொந்த ரத்தக் குழாய்க்குள் போய்விட்டது. செத்தார் என்றுதான் நினைத்தார்கள். இதயம் சில வினாடி நின்றது, நோயாளியை இரும வைத்தார்கள், மறுபடி துடித்தது. அந்த விபத்திலிருந்துதான் இன்றைய ஆஞ்சியோகிராம் வந்தது. சோன்ஸிடம் ஆயிரக்கணக்கான படச்சுருள்கள் சேர்ந்திருந்தன. ஃபவாலோரோ அறுவை முடிந்த பிறகு தினமும் அந்தப் படங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாராம். எங்கே அடைபடுகிறது, அடைப்புக்கு அப்பால் குழாய் எப்படி இருக்கிறது என்று. பல பேருக்கு அடைப்புக்கு அப்பால் குழாய் நன்றாகவே இருந்தது. அப்படியென்றால் நடுவில் உள்ள அடைப்பைச் சுற்றி வேறு பாதை போட்டால் போதுமே.

1967 மே 9 அன்று 51 வயதுப் பெண் ஒருவருக்கு, முழுவதும் அடைபட்டிருந்த வலப்பக்க இதயக் குழாயில், காலிலிருந்து எடுத்த சிரையை வைத்துத் தைத்தார். காலில் உள்ள சிரைக்குள் ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கும் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. அதனால் அதைத் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். சின்ன விஷயம்தான், மறந்தால் ரத்தம் ஓடாது. இவருக்கு முன்னால் யாரும் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறார்கள். லெனின்கிராடில் கொலெசோவ் 1964-லேயே நெஞ்சுக்கூட்டுத் தமனியை வைத்துச் செய்துவிட்டார். அமெரிக்காவிலும் தனித்தனி முயற்சிகள் இருந்தன. ஆனால் அவை பரவலாகவில்லை. ஃபவாலோரோவும் அவருடைய தலைவர் டொனால்ட் எஃப்லரும் சோன்ஸும் சேர்ந்து, யாருக்குச் செய்யலாம், எப்படிச் செய்யலாம், முடிவு என்ன என்று படத்தோடும் கணக்கோடும் காட்டினார்கள். சில வருஷத்துக்குள் ஆயிரத்தைத் தாண்டியது எண்ணிக்கை. பைபாஸின் தந்தை என்று யாராவது சொன்னால் அவர் கூச்சப்பட்டு மறுத்துவிடுவார். அது குழு வேலை என்பதில் உறுதியாக இருந்தார்.

1968-லேயே அவர் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். வால்வு மாற்றும் அறுவையோடு பைபாஸையும் சேர்த்துச் செய்தார். செயற்கை வால்வு அப்போது எட்டு வயதுக் குழந்தை. 1960-ல் ஆல்பர்ட் ஸ்டார் என்ற மருத்துவரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியாளரும் சேர்ந்து கூண்டுக்குள் பந்து வைத்த மாதிரி ஒன்றைச் செய்து மனித இதயத்தில் வைத்திருந்தார்கள். எட்வர்ட்ஸ் எரிபொருள் பம்புகளில் பெயரெடுத்தவர் என்பதில் என் போன்றவர்களுக்கு ஒரு சின்னப் பெருமை.

ஏன் சேர்த்துச் செய்யணும்? இதயம் ஒரு பம்பு. வால்வு இறுகினால் பம்பு ஒவ்வொரு தள்ளலுக்கும் கூடுதல் சக்தி செலவழிக்கணும். அந்த நேரத்தில் பம்புக்கே ரத்தம் கொண்டுவரும் குழாய் அடைபட்டிருந்தால், வேலை கூட, சாப்பாடு குறைவு. வால்வை மட்டும் மாற்றிவிட்டு அடைப்பை விட்டுவைத்தால் அறுவை மேசையிலோ அதற்குப் பிறகோ மாரடைப்பு வரலாம். ஒன்றை இப்போது, மற்றதை அப்புறம் என்றால், ஒருமுறை திறந்து ஆறிய நெஞ்சில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது தடவை திறப்பது இன்னும் ஆபத்து. அதனால் திறந்தது திறந்தாச்சு, இரண்டையும் முடி என்பதுதான் இன்று வரை பொதுவான வழி. அதற்கு விலை உண்டு. இதயத்தை நிறுத்தி வைக்கும் நேரம் கூடுகிறது. நிறுத்திய இதயத்தைக் காப்பாற்றும் குளிர்ந்த பொட்டாசியக் கரைசல் முறை 70-களில்தான் பரவலானது. ஃபவாலோரோ அந்தப் பாதுகாப்பு முழுதாக வருவதற்கு முன்னாலேயே இதைச் செய்தவர் என்பதை நினைத்தால் கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருக்கிறது.

இன்றைய நிலவரத்துக்கு அமெரிக்காவின் மார்பு அறுவை மருத்துவர்கள் சங்கம் வைத்திருக்கும் பதிவேடு உதவும். தனி பைபாஸ் என்றால் அறுவையை ஒட்டி இறப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 2 பேர். அயோர்ட்டிக் வால்வு மாற்றும் பைபாஸும் சேர்ந்தால் சுமார் 4. மைட்ரல் வால்வு மாற்றும் பைபாஸும் என்றால் அது 10-ஐ நெருங்கும். எந்த வால்வு என்பதே இவ்வளவு வித்தியாசம் செய்கிறது. ரெண்டும் சேர்ந்தால் ஆபத்தாமே என்று மொத்தமாகப் பேசுவது உதவாது. வயது, சிறுநீரகம், சர்க்கரை, இதயம் எவ்வளவு பலவீனமாகிவிட்டது என்பதைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் எண் மாறும். ஐந்தாம் மாடி ஐயாவின் வீட்டில் நான் சொன்னது இதைத்தான். இரண்டாவது வரிசை உங்களுடையது, மூன்றாவது இல்லை.

அவர் சென்னை போனார், செய்துகொண்டார், வந்துவிட்டார். ஆனால் அங்கே அவரைத் தடுமாற வைத்தது அறுவை அல்ல, வால்வைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதுதான். உலோக வால்வு வாழ்நாள் முழுக்க உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரையை நிறுத்தவே கூடாது. மாதாமாதம் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கணும். திசு வால்வு என்றால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் தேயலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை நிலையத்தில் உருவாகி, டி.டி.கே. நிறுவனம் தயாரிக்கும் சித்திரா வால்வு வந்த பிறகு உலோக வால்வு நம் பக்கத்து மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலைக்கு வந்தது. விலை கட்டுப்படியாகும் சரி, பரிசோதனை? 2021-க்குப் பிறகு இங்கே அரசு மருத்துவர்கள் ஏராளமானோர் வேலையை விட்டு வெளியேறினார்கள். மின்சாரம் போய்ப் போய் வரும். மாதாமாதம் பரிசோதனை நடக்கும், மாத்திரை தட்டாமல் கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? ஐயாவுக்கு 70 வயதை நெருங்குகிறது. திசு வால்வையே வைத்துக்கொண்டார். ஒருவருடைய நெஞ்சுக்குள் எந்த வால்வு இருக்கணும் என்பதை, அவர் குடியிருக்கும் ஊரில் ஆய்வகம் திறந்திருக்குமா என்பதும் சேர்ந்து முடிவு செய்கிறது. ஹசிந்தோ அரவுஸில் ரத்த வகைப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்த மனிதருக்கு இது புதிதாக இருந்திருக்காது.

1977-ல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு ஒன்று, நெஞ்சுவலி கட்டுக்குள் இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பைபாஸால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை என்று சொன்னது. இடப்பக்க முதன்மைக் குழாய் அடைபட்டவர்கள் மட்டும் தெளிவாகப் பலன் பெற்றார்கள். சண்டை பெரிதானது. யாருக்குச் செய்யக்கூடாது என்று தெரிந்திருப்பதும் இந்த அறுவையின் பகுதிதான் என்ற பாடம் அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

அந்த நேரத்தில் ஃபவாலோரோ அமெரிக்காவில் இல்லை. 1971-லேயே ஊருக்குத் திரும்பிவிட்டார். எஃப்லர் போகவேண்டாம் என்றுதான் நின்றார். பணம், பெயர், உலகின் முதல் வரிசை மருத்துவமனை எல்லாம் கையில் இருந்தன. அவர் சொன்ன காரணம் எளிமையானது: லத்தீன் அமெரிக்காவில் இதைச் சொல்லிக்கொடுக்க இடம் இல்லை, அதை உண்டாக்கணும். பியூனஸ் அயர்ஸில் குவெமெஸ் மருத்துவமனையில் ஆரம்பித்தார். 1975-ல் அறக்கட்டளை. 1992-ல் சொந்த இதய நிறுவனம். அந்தக் கண்டம் முழுவதிலிருந்தும் வந்த 400-க்கும் மேற்பட்ட மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். காசில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாத இடமாக அது இருக்கணும் என்பது அவர் பிடிவாதம்.

அவர் ஊர் திரும்பிய அதே எழுபதுகளில்தான், 1975-ல், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பைபாஸ் நடந்தது. செய்தவர் டாக்டர் கே.எம்.செரியன். அவரும் வெளிநாடு போய்ப் படித்துத் திரும்பியவர்தான். ரயில்வே ஊழியர்களுக்கான ஒரு அரசு மருத்துவமனை அதைத் தாங்கியது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஃபவாலோரோவைத் தாங்க அப்படி ஒன்றும் இல்லை. ஓய்வூதியர்களுக்கான அரசுக் காப்பீட்டு அமைப்பும் தொழிற்சங்கக் காப்பீடுகளும் அவர் நிறுவனத்தில் நோயாளிகளை அனுப்பின, பணத்தை அனுப்பவில்லை. நோயாளியை அனுப்பும் இடைநிலை மருத்துவர்களுக்குக் கமிஷன் கொடுக்கும் வழக்கம் அங்கேயும் இருந்தது; அவர் கொடுக்க மறுத்தார். (நம்ம ஊரில் இதைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள்.) 90-களின் கடைசியில் அர்ஜென்டினாவின் பொருளாதாரமே சரிந்துகொண்டிருந்தது. வரவேண்டிய தொகையும் கொடுக்க வேண்டிய கடனும் பல மில்லியன் டாலர். ஊழியர்களைக் குறைக்க வேண்டிய கட்டாயம். 1998-ல் மனைவி மரியா அந்தோனியாவும் போய்விட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட வந்தவர். ஜனாதிபதி தெ லா ரூவாவுக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார். அது உரிய நேரத்தில் படிக்கப்படவே இல்லை. ஒரு மனிதர் ஏன் அந்த முடிவுக்குப் போகிறார் என்பதை ஒரு காரணத்தில் அடக்க முடியாது, அடக்கவும் கூடாது. ஆனால் அவர் விட்டுச்சென்ற கடிதங்களில், தன் நாட்டில் தான் பிச்சை கேட்பவனாகிவிட்டேன் என்ற வேதனை இருந்தது.

வெளிநாட்டிலேயே இருந்திருக்கலாமே என்று சொல்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1964-ஐ ஒட்டி இங்கே கடைகள் தேசியமயமானபோது ஐயாவின் அண்ணன்கள் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள், அவருடைய அப்பா போகவில்லை. எது சரி என்று அந்தக் குடும்பம் அறுபது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. திரும்பிப் போவது தப்பா சரியா என்பதைவிட, திரும்பி வந்தவனுக்கு ஊர் என்ன வைத்திருக்கிறது என்பதுதான் எனக்குக் கேள்வி. அர்ஜென்டினா அவருக்குத் தெருப்பெயர்களும் சிலைகளும் வைத்தது, எல்லாம் அப்புறம். பில் தொகையை ஒழுங்காகக் கட்டியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

அவருடைய நிறுவனம் மூடப்படவில்லை. இன்றும் பியூனஸ் அயர்ஸில் இயங்குகிறது, கூடவே அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகமும். அவருடைய சாம்பலைப் பியூனஸ் அயர்ஸிலோ கிளீவ்லேண்டிலோ வைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி, ஹசிந்தோ அரவுஸ் பக்கத்து வறண்ட நிலத்தில் தூவினார்கள்.